எந்த மாசம் தோது?

ராமேஸ்வரம் தீவுக்குப் போக ஏற்ற காலம் ஜனவரியிலிருந்து மார்ச் வரை என்பார்கள். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்திருக்கும், கத்திரி வெயில் தொடங்கியிருக்காது, கடலும் அடங்கியிருக்கும். பதிலில் பிழையில்லை. ஆனால் எங்கள் பரளச்சிப் பக்கத்தில் அந்த மூன்று மாதமும் மிளகாய்ப் பழம் எடுக்கிற காலம். மானாவாரிக் கரிசலில் புரட்டாசி, ஐப்பசியில் போட்டது தை பிறந்ததும் சிவக்கத் தொடங்கும். பத்துப் பதினைந்து நாளுக்கு ஒரு எடுப்பு என்று பங்குனி தாண்டியும் போகும். உழவுக்கு டிராக்டர் வந்துவிட்டது. பழம் எடுக்க இன்னும் பெண்களின் விரல்தான். அதனால் தீவு அழகாக இருக்கிற மாதங்களில் எங்கள் பெண்கள் குனிந்தே இருக்கிறார்கள்.

மற்ற மாதங்களைப் பாருங்கள். சித்திரை, வைகாசியில் பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை. அந்த வெயிலில் தனுஷ்கோடி மணலில் கால் வைக்க முடியாது. புரட்டாசி, ஐப்பசியில் விதைப்பு. கார்த்திகையில் களையெடுப்பு. மிஞ்சுவது ஆடி. அப்போது கரிசல் வெடித்துக் கிடக்கும், காட்டில் வேலை இருக்காது. சீமைக்கருவேல மரம் வெட்டிக் கரிமூட்டம் போடுகிறவர்களும் நூறு நாள் வேலைக்குப் போகிறவர்களும் தவிர மற்றவர்கள் வீட்டில் இருப்பார்கள். ஆடி அமாவாசையும் அப்போதுதான் வருகிறது. ஆகவே ஊரிலிருந்து வேன் கிளம்புவது ஆடியில்தான்.

என் அம்மா நான்கு முறை ராமேஸ்வரம் போயிருக்கிறாள். நான்கும் ஆடி அமாவாசை. நான்கு முறையும் தேதியைச் சொன்னது பஞ்சாங்கம், வேன் பேசியது அப்பா. திதி கொடுக்க உட்கார்ந்தது ஆண்கள். அம்மா புளியோதரை கட்டிக்கொண்டு போனாள், ஈரத்துணி பிழிந்தாள், பிள்ளைகளை எண்ணிக்கொண்டே இருந்தாள். செத்துப்போன தன் அம்மாவுக்கு அவள் கையால் ஒரு பிடி எள் இறைத்ததில்லை.

பஞ்சாங்கம் ஒரு வருஷத்துக்கு முன்பே அமாவாசையைச் சொல்லிவிடும். உடம்பு அப்படிச் சொல்லாது. வேன் பேசிய அன்றே எங்கள் வீட்டுப் பெண்கள் விரலை மடக்கி நாள் எண்ணத் தொடங்குவார்கள். 'தூரம்' வந்துவிடும் என்று கணக்கு விழுந்தவள் வீட்டோடு இருக்க வேண்டும், இல்லையென்றால் மாத்திரை. நோரெத்திஸ்டிரோன் என்பது அதன் பெயர். எங்கள் பக்கம் யாரும் பெயர் சொல்லிக் கேட்பதில்லை. "தள்ளிப்போடுற மாத்திரை" என்றால் மருந்துக்கடையில் கிழித்துக் கொடுப்பார்கள். டாக்டர் சீட்டு இருக்கிறதா, ரத்தம் கட்டிய நோய் எப்போதாவது வந்திருக்கிறதா என்று கேட்பதில்லை. கேட்கவேண்டிய கேள்விகள் அவை. வழக்கமாக வருகிற நாளுக்கு மூன்று நாள் முன்பே தொடங்க வேண்டும். நிறுத்தினால் இரண்டு மூன்று நாளில் வந்துவிடும். என் மதினிக்கு அப்படி வந்தபோது ஐந்து நாள் எழுந்திருக்க முடியாமல் கிடந்தாள். "சாமி கும்பிட்ட பலன்" என்று அவளே சிரித்தாள். மற்றவர்களும் சிரித்தோம். வேறென்ன செய்ய?

ஒரு வேன் நிறையப் பேர் கிளம்பும்போது ஆண்களின் உடம்பை யாரும் நாள் கணக்கில் சேர்ப்பதில்லை.

தீவுக்கு இரண்டு பக்கமும் கடல். வடக்கே பாக் நீரிணைப் பக்கம் உள்ளதைப் பெண் கடல் என்றும், தெற்கே மன்னார் வளைகுடாவை ஆண் கடல் என்றும் அங்கே சொல்கிறார்கள். அடங்கியது பெண், ஆர்ப்பரிப்பது ஆண். ஆடியில் போய்ப் பார்ப்பவர்களுக்கு இது உண்மையாகத்தான் தெரியும். தென்மேற்குக் காற்றில் தெற்குக் கடல் கொந்தளிக்கும், வடக்குக் கடல் குளம் மாதிரி கிடக்கும். ஐப்பசி, கார்த்திகையில் வாடை திரும்பிவிட்டால் கொந்தளிப்பது பெண் கடல். பெயர் வைத்தவர்கள் எந்த மாதத்தில் வைத்தார்களோ!

வாடைக்காலத்தில் "பாம்பன் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றம்" என்று செய்தி வரும். தீவில் படகை இழுத்துக் கட்டுவார்கள். 1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடியையும், அங்கே போய்க்கொண்டிருந்த ரயிலையும் கடல் கொண்டுபோனதை மறக்காத ஊர் அது. பரளச்சியில் அதே செய்தியைக் கேட்டு அம்மா வாசலுக்கு வந்து கிழக்கே பார்ப்பாள். கண்மாய்க்குத் தண்ணீர் வருமா என்பது அவள் கவலை. ஒரே புயலை இரண்டு ஊர்ப் பெண்கள் இரண்டு விதமாக எதிர்பார்க்கிறோம்.

தனுஷ்கோடியை அம்மா பார்த்ததில்லை. அரிச்சல்முனை வரை 2017இல் சாலை திறந்த பிறகும், திதி முடிந்ததும் வேன் திரும்பிவிடும். அறுபது தாண்டிய பிறகு ஒருநாள், "ரெண்டு கடலும் சேர்ற எடத்தப் பாக்கணும் தாயி" என்றாள். அப்போதுதான் நாங்கள் பெண்கள் மட்டும் உட்கார்ந்து மாதம் பார்த்தோம். அம்மா, சித்தி, மதினி, நான்.

சித்தி ஆடி என்றாள், பழக்கத்தில். "ஆடிக்காத்துல அங்க மண்ணு கண்ணத் தொறக்க விடாது" என்றாள் மதினி. அம்மா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "மாசியில ரெண்டாவது எடுப்பு முடிஞ்சா அடுத்த எடுப்புக்குப் பத்து நாளு இருக்குல்ல" என்றாள். இத்தனை வருஷம் அந்த இடைவெளி அங்கேயே இருந்திருக்கிறது. களத்தில் காயும் வத்தலை யார் பார்ப்பது என்ற கேள்வி வந்தது. ஆட்டிலிருந்தும் திடீர் மழையிலிருந்தும் காப்பாற்ற ஆள் வேண்டும். அண்ணன் பார்க்கட்டும் என்று மதினி சொன்னாள். அண்ணன் முனகினான், ஆனாலும் இருந்தான்.

நாள் குறித்த பிறகு மதினிக்குக் கணக்கு இடித்தது. மாத்திரை வேண்டாம் என்றாள். "கோயிலுக்குப் போறவுக போங்க. நான் கடலுக்குத்தான் வர்றேன்."

கமுதி, முதுகுளத்தூர், ராமநாதபுரம் என்று பஸ் மாறிப் போனோம். பாம்பனில் சின்னப்பாலத்துப் பெண்கள் பாசி எடுப்பதைப் பற்றிப் பக்கத்து சீட்டுப் பெண் சொன்னார். அவர்களுக்கும் நிலா பார்த்துத்தான் வேலை. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டித் தண்ணீர் வற்றும் நாட்களில் முங்கி எடுப்பார்கள். பாறை கிழிக்காமல் இருக்க விரலில் துணி சுற்றிக்கொள்வார்களாம். அம்மா தன் விரலைப் பார்த்துக்கொண்டாள்.

அக்னி தீர்த்தத்தில் குளித்தால் துணி மாற்ற இடம் வேண்டும். 2024 டிசம்பரில் அந்தக் கரையில் ஒரு தனியார் உடைமாற்றும் அறையில் ரகசியக் கேமரா பிடிபட்டது எங்கள் எல்லோருக்கும் தெரியும். லாட்ஜிலிருந்தே ஈரம் தாங்கும் துணியில் போய், ஈரத்தோடு நடந்து திரும்பினோம். நல்ல காலம் என்பதற்கு இதையும் யாராவது எழுதி வைக்கலாம்.

மறுநாள் காலை அரிச்சல்முனை. மாசியில் இரண்டு பக்கமும் கடல் அடங்கியே இருந்தது. எது பெண், எது ஆண் என்று சித்திக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. அங்கே இறங்கிக் குளிப்பது ஆபத்து, கால் நனைத்தோம். மதினி புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முதலில் இறங்கினாள். அம்மா குனிந்து இரண்டு கையையும் தண்ணீரில் விட்டாள். இரண்டு எடுப்பு எடுத்த கை.

"எரியுதாம்மா?"

"எரியுது" என்றாள். கையை எடுக்கவில்லை.