மீதி முக்கால் பங்கு

பவணந்தி முனிவரின் நன்னூலை இலக்கண நூல் என்ற அளவிலேயே நம்மில் பலரும் அறிந்திருக்கிறோம். 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அந்நூலின் பாயிரத்தில் கல்வியைப் பற்றிய ஒரு கணக்கும் உண்டு. ஆசிரியர் உரைத்ததை மாணவன் பிழையின்றி உள்வாங்கிக்கொண்டாலும் அவன் பெறுவது கால் பங்கே. உடன் கற்போருடன் கலந்து பயில்வதால் இன்னொரு கால் சேரும். எஞ்சிய அரைப் பங்கு, கற்றதைப் பிறருக்கு எடுத்துரைக்கும்போதுதான் வந்தடையும்.

பிள்ளைகளை வீட்டில் வைத்தே படிக்கவைக்கும் எங்களை இந்தக் கணக்கு நெடுநாள் உறுத்திக்கொண்டிருந்தது. உம்மாவும் வாப்பாவும் எத்துணை அக்கறையுடன் கற்பித்தாலும் வீட்டுக்குள் கிடைப்பது முதல் கால் மட்டுமே. மீதி முக்காலுக்கு எங்கே போவது?

முதுநகர், பரங்கிப்பேட்டை, சிதம்பரம் ஆகிய ஊர்களில் வசிக்கும் நான்கு குடும்பத்தார் நாங்கள். பிள்ளைகள் ஏழு பேர். இளையவனுக்கு 10 வயது, மூத்தவளுக்கு 16. குர்ஆன் மனனத்திற்காகப் பள்ளியை விட்ட பிள்ளையும் உண்டு, உடல்நலம் கருதி வீட்டில் இருத்தப்பட்ட பிள்ளையும் உண்டு. 14 வயது நிறைந்தால் தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தின் வழியாகப் பத்தாம் வகுப்புத் தேர்வை எழுதிவிடலாம் என்பதால் சான்றிதழைப் பற்றி நாங்கள் பெரிதாகக் கவலைப்படவில்லை. அக்கம்பக்கத்தார்தாம் எங்களுக்கும் சேர்த்துக் கவலைப்படுகிறார்கள்.

சனிக்கிழமை அஸர் தொழுகைக்குப் பின் பரங்கிப்பேட்டையில் ஒரு வீட்டில் கூடுகிறோம். கடலூர் துறைமுகச் சந்திப்பில் ரயில் ஏறி முதுநகர்ப் பிள்ளைகள் வருவர். சிதம்பரத்துப் பிள்ளைகள் எதிர்த்திசையிலிருந்து வருவர். பெரியவர்கள் பாடம் நடத்துவதில்லை என்பது எங்கள் ஏற்பாடு. ஒரு பிள்ளை அன்றைய பாடல்களை வாசித்துப் பொருள் சொல்ல, மற்றவர்கள் வினவுவார்கள். வினா எழாத பாடலுக்கு மறுவாரமும் வரவேண்டும்.

வாசிப்பது சீறாப்புராணம். ஊர்ப்பற்றால் எடுத்த நூல் என்று கேலி செய்வோரிடம் மறுக்கமாட்டோம். 17ஆம் நூற்றாண்டில் உமறுப்புலவர் பாடிய இக்காப்பியத்தில் மூன்று காண்டங்கள், 92 படலங்கள், 5027 பாடல்கள். கம்பர் சடையப்ப வள்ளலைப் போற்றியது போல, உமறுப்புலவர் தம் நூலுக்குள் போற்றும் அபுல் காசிம் மரைக்காயர் பரங்கிப்பேட்டைக்காரர். எங்களுக்கு இன்னொரு செய்தி அதனினும் இனிது. நபிகளாரின் வரலாற்றைப் பாட விரும்பிய புலவர் சதக்கத்துல்லாஹ் அப்பா அவர்களை நாடியதாகவும், பின்னர் பரங்கிப்பேட்டையில் ஓர் ஆலிமிடம் அமர்ந்து அரபு நூல்களின் செய்திகளைக் கேட்டுத் தெரிந்துகொண்டதாகவும் வழிவழியாகச் சொல்வார்கள். தமிழில் கரைகண்ட ஒரு புலவர், தாம் அறியாததை ஒருவர் முன் அமர்ந்து கேட்டுக் கேட்டுப் பெற்றிருக்கிறார். இந்நூலை வேறு எவ்வாறு படிப்பது?

நாட்டுப்படலத்தில் தொடங்கியது சிக்கல். அங்கே மழை பொழிகிறது, ஆறு பெருகுகிறது, உழவர் நெல் விளைவிக்கிறார்கள். மனனத்தில் இருக்கும் 13 வயது மகள் கையை உயர்த்தினாள். இப்ராஹீம் (அலை) அவர்கள் தம் சந்ததியை விளைச்சலற்ற பள்ளத்தாக்கில் குடியமர்த்தியதாக இறைவனிடம் முறையிடுவது அவர்கள் பெயரைத் தாங்கிய சூராவின் 37ஆம் வசனத்தில் இருக்கிறதே, பிறகு இந்த வயல் எங்கிருந்து வந்தது என்று கேட்டாள்.

அறையில் இருந்த பெரியவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். விடை சொல்லிவிட வாய் துறுதுறுத்தது உண்மை. சிதம்பரத்துச் சிறுவன் ஒருவன் முந்திக்கொண்டான்: புலவர் மக்காவைப் பார்த்திருக்கமாட்டார், நம் ஊர் வயலைத்தான் பார்த்திருப்பார். மூத்தவள் அதைத் திருத்தினாள். அறியாமையால் பாடவில்லை, காப்பியம் என்றால் நாட்டுவளம் பாடவேண்டும் என்பது தமிழ் மரபு, கம்பரும் கோசலத்தை அப்படித்தான் பாடினார் என்றாள். கேட்டவளுக்கு அது போதவில்லை. மரபுக்காக இல்லாததைச் சொல்லலாமா, அதுவும் நபியவர்கள் பிறந்த மண்ணைப் பற்றி?

அந்த வினா அன்று இரவே எங்கள் வீடுகளுக்குள் புகுந்தது. எங்களுள் ஒருவர் இந்நூலை நிறுத்திவிடலாம் என்றார்: பலவீனமான அறிவிப்புகள் கலந்த நூலால் பிள்ளைகளின் ஈமானில் குழப்பம் வரும் என்பது அவர் அச்சம். இன்னொருவர், ரபீஉல் அவ்வல் மாதத்தில் தம் உம்மம்மா மடியில் கிடந்து இதைக் கேட்டு வளர்ந்தவர். நூலைக் குறை சொன்னதே அவருக்கு வலித்தது. இருவர் அச்சமும் பொருளற்றதன்று. ஆனால் குழப்பம் என்று நாங்கள் அஞ்சியது, உண்மையில் அந்தப் பெண்ணின் குர்ஆன் அறிவு விழித்திருந்ததன் அடையாளம். வசனத்தை ஓதியதோடு நில்லாமல் அதைக் கொண்டு இன்னொரு நூலை உரசிப் பார்த்திருக்கிறாள். நூலை மறைத்தால் அந்த உரைகல்லுக்கு வேலை இராது.

ஆகவே நிறுத்தவில்லை. பிள்ளைகளே ஒரு வழி கண்டார்கள். குறிப்பேட்டின் பக்கத்தை நடுவில் கோடிட்டு, குர்ஆனிலும் ஹதீஸிலும் உள்ளவற்றை வலப்புறமும் புலவரின் புனைவை இடப்புறமும் எழுதுகிறார்கள். எப்புறம் எழுதுவதென்று தெரியாதவை கோட்டின் மேலேயே எழுதப்படுகின்றன. கோட்டின் மேல் கூட்டம் அதிகம்.

வினவுதல் அதபுக்குக் குறைவு என்று எண்ணும் உறவினர்கள் எங்களுக்கும் உண்டு. அவர்களுக்கு நாங்கள் நினைவூட்டுவது ஸஹீஹ் முஸ்லிமில் உமர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸை. ஜிப்ரீல் (அலை) அந்நிய மனிதராக வந்து இஸ்லாம், ஈமான், இஹ்ஸான் பற்றி ஒவ்வொன்றாகக் கேட்டார்கள். அவர் உங்கள் மார்க்கத்தைக் கற்பிக்க வந்தவர் என்று பின்னர் நபி (ஸல்) அவர்கள் சொன்னார்கள். கேட்டவரே கற்பித்தவர் ஆனார். நபியவர்களும் தோழர்களிடம் விடுகதை போல் வினவியதுண்டு: முஸ்லிமுக்கு ஒப்பான, இலை உதிராத மரம் எது? பேரீச்சை என்று இப்னு உமர் (ரலி) அவர்களின் உள்ளத்தில் தோன்றியது. அவையில் தாமே இளையவர் என்ற கூச்சத்தால் சொல்லவில்லை. நீ சொல்லியிருந்தால் எனக்கு எத்துணை மகிழ்ச்சியாக இருந்திருக்கும் என்று பின்னர் அவர்களின் தந்தை வருந்தினார்கள்.

எங்கள் பத்து வயதுச் சிறுவனும் அத்தகையவன். ஐந்து மாதம் வாய் திறக்கவில்லை. வீட்டில் தன் தங்கையை உட்காரவைத்து அன்றைய படலம் முழுவதையும் கோடு போட்டு விளக்குகிறான் என்று அவன் உம்மா சொன்னபோது, நன்னூலாரின் அரைப் பங்கு அந்தச் சமையலறைத் திண்ணையில் நடந்துகொண்டிருந்தது எங்களுக்கு விளங்கியது.

வேகம் மிகக் குறைவு. இப்படியே போனால் 92 படலமும் முடிவதற்குள் மூத்தவள் கல்லூரியையே முடித்துவிடுவாள். இதிலிருந்து தேர்வில் ஒரு வினாவும் வராது என்று முணுமுணுப்பவர்களும் எங்களுக்குள்ளேயே இருக்கிறார்கள்.

அடுத்து, மானுக்கு நபியவர்கள் பிணை நின்ற படலத்தை முன்கூட்டியே எடுத்துக்கொள்ளவிருக்கிறோம். அச்செய்தியின் அறிவிப்பாளர் தொடர் குறித்து அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. எங்கள் மஹல்லாவின் ஹஸ்ரத் அவர்களை அழைத்திருக்கிறோம். பேருரை வேண்டாம், வினாக்களுக்கு மட்டும் விடை தாருங்கள் என்று கேட்டுக்கொண்டோம். சிரித்துக்கொண்டே இசைந்தார்கள். பிள்ளைகள் இதுவரை பதினொரு வினாக்களை எழுதி வைத்திருக்கிறார்கள். அவற்றுள் இரண்டு அந்தச் சிறுவனுடையவை.