நொச்சிக்குப்பத்துக்கு மீன் வாங்கப் போகிறீர்களா?

மயிலாப்பூர் என்றதும் கபாலீஸ்வரர் கோயிலும் மாட வீதிகளும்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். அங்கிருந்து கிழக்கே ஆட்டோவில் சில நிமிடங்கள் போனால் கடலோர மயிலாப்பூர் வந்துவிடும். கலங்கரை விளக்கத்திலிருந்து பட்டினப்பாக்கம் வரை நீளும் லூப் ரோட்டில் ஒரு பக்கம் ஃபைபர் படகுகளும் வலைகளும். மறுபக்கம் நொச்சிக்குப்பம் மீனவர்களின் அடுக்குமாடி வீடுகள்.

சங்கரா, நெத்திலி, காரப்பொடி, இறால், நண்டு எனக் காலையில் கரைக்கு வந்தது இங்கேயே விற்பனையாகும். முன்பெல்லாம் சாலையோரத்தில்தான் கடைகள். போக்குவரத்துக்கு இடையூறு என்று 2023-ல் விவகாரம் உயர் நீதிமன்றம் வரை போனது. கடைகளை அகற்றியபோது மீனவர்கள் போராடினார்கள். 2024 ஆகஸ்ட்டில் 366 கடைகளோடு நவீன மீன் அங்காடி திறக்கப்பட்டது.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை போகிறவர்களுக்கு மீன் வகைகள் குறைவாகத் தெரியும், விலையும் ஏறியிருக்கும். அது மீன்கள் இனப்பெருக்கம் செய்யும் காலம் என்பதால், கிழக்குக் கடற்கரை முழுக்க விசைப்படகுகள் கடலுக்குப் போகத் தடை. 2001-ல் 45 நாட்களாகத் தொடங்கிய தடை, 2017 முதல் 61 நாட்களாக நீடிக்கிறது. ஃபைபர் படகுகள் கரைக்கு அருகே மீன் பிடிக்கலாம். ஆனால் காசிமேட்டில் ஏலம் எடுத்து வந்து விற்கும் பெண்களுக்கு அந்த இரண்டு மாதமும் சரக்கு கிடைப்பது கஷ்டம்.

இந்த நாட்களைச் சமாளிக்கத்தான் மீனவக் குடும்பங்களுக்கு அரசு தடைக்கால நிவாரணம் தருகிறது. 5,000 ரூபாயாக இருந்த தொகையை 8,000 ஆக உயர்த்துவதாக 2023 ஆகஸ்ட்டில் மண்டபத்தில் நடந்த மீனவர் மாநாட்டில் முதல்வர் மு.க.ஸ்டாலின் அறிவித்தார். பணம் நேராக வங்கிக் கணக்குக்குப் போகிறது.

இதை 61 நாட்களுக்குப் பிரித்தால் ஒரு நாளைக்குச் சுமார் 131 ரூபாய். நான்கு பேர் உள்ள வீட்டில் தலைக்கு 33 ரூபாய்கூட வராது. தடைக்காலத்தில் ஒரு கிலோ வஞ்சிரமே ஆயிரம் ரூபாயைத் தாண்டும் நாட்கள் உண்டு! இதற்கு மேல் சேமிப்பு நிவாரணத் திட்டம் ஒன்றும் இருக்கிறது. மீனவர் சிறுகச் சிறுக 1,500 ரூபாய் சேமித்தால், அரசு 3,000 சேர்த்து 4,500 ஆகத் திருப்பித் தரும். அரிசி, பருப்புக்கு இவை கைகொடுக்கும். படகுக் கடன் தவணைக்கும், ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கும்போது வரும் செலவுக்கும் வேறு வழிதான் பார்க்க வேண்டும்.

தெற்கே அடையாறு முகத்துவாரத்தைத் தாண்டினால், பெசன்ட் நகர் எலியட்ஸ் கடற்கரையை ஒட்டி ஊரூர் ஆல்காட் குப்பம். மாலையில் காற்று வாங்க வரும் கூட்டத்துக்குப் பக்கத்திலேயே இருக்கும் இந்த மீனவ ஊரிலும் இதே கணக்குதான்.

நொச்சிக்குப்பத்துக்கு பறக்கும் ரயிலில் வருபவர்கள் கலங்கரை விளக்கம் நிலையத்தில் இறங்கலாம். காலையிலேயே போவது நல்லது. செவுள் சிவப்பாக இருக்கிறதா, கண் தெளிவாக இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். தடைக்காலத்தில் பெரிய மீனைத் தேடாமல், ஃபைபர் படகில் வந்த சின்ன மீன்களை வாங்கினால் குழம்பும் ருசிக்கும், பணமும் அந்தக் கரையிலேயே சேரும். பத்து, இருபதுக்குப் பேரம் பேசும் முன் அந்த 131 ரூபாயைக் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள்.