எத்தனை குச்சி?

மஹரகம என்ற பெயர் எங்கள் ஊருக்குப் புதியதல்ல. 1931இல் தொடங்கப்பட்ட கபூரிய்யா அரபுக் கல்லூரி அங்கேதான் இருக்கின்றது. "அவர் மஹரகமயில ஓதினவர்" என்றால் அந்த மௌலவிக்கு ஊரில் தனி மதிப்பு. ஆனால் "அவர மஹரகமைக்குக் கொண்டு போயிருக்காங்களாம்" என்று ஒருவர் சொன்னால் கேட்டு நிற்பவர் குரலைத் தாழ்த்திக்கொள்வார். புற்றுநோய் என்ற சொல்லை எங்கள் வாவிக்கரை ஊர்களில் வாய்விட்டுச் சொல்வதில்லை. "அந்த வருத்தம்" என்போம். 1958 முதல் அங்கே இயங்கும் புற்றுநோய் வைத்தியசாலைக்கு இப்போது அபேக்ஷா என்று பெயர். எதிர்பார்ப்பு, நம்பிக்கை என்று அந்தச் சிங்களச் சொல்லுக்குப் பொருள் கொள்ளலாம்.

2018ஆம் ஆண்டு புரட்டாதியில் என்னையும் அங்கே கொண்டு போனார்கள். நாக்கின் இடது ஓரத்தில் ஆறாத ஒரு புண். மூன்று மாதம் நான் அதை யாருக்கும் சொல்லவில்லை, மனைவிக்கும் சொல்லவில்லை. காரணம் பயம் மட்டுமல்ல. வெட்கமும் இருந்தது. புகையிலையின் தீங்கு பற்றிய சுவரொட்டியை எங்கள் பாடசாலைச் சுவரில் ஒட்டியவன் நான். ஒட்டி முடித்து, கையைக் கழுவி, பின்பக்கம் போய் வெற்றிலை மடித்தவனும் நான்தான். புகையிலை இல்லாத வெற்றிலையும் பாக்கும்கூடப் புற்றுநோயைக் கொண்டுவரும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவர் நிலையம் 2004இலேயே நூலாக வெளியிட்டுவிட்டது. இந்த நாட்டு ஆண்களுக்கு அதிகம் வருவது வாய்ப் புற்றுநோய்தான் என்பதையும் நான் அறிந்திருந்தேன். அறிவு ஒரு பக்கம், வட்டா ஒரு பக்கம். சிறு வயதில் வாப்பாவின் வயல் வாடியில், வந்தவருக்கெல்லாம் வட்டா நீட்டும்போது எனக்கும் ஒரு கிள்ளுக் கிடைத்தது. அதிலிருந்து வந்த பழக்கம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும. 2016இல் மஹரகம வைத்தியசாலைக்கு பெட் ஸ்கேன் இயந்திரம் வாங்குவதற்காகக் கதீஜா பவுண்டேஷன் நாடு முழுவதும் நிதி திரட்டியது. அதற்கு முன்னின்ற எம்.எஸ்.எச். முஹம்மத், தன் மகனைப் பிடித்த நோயால் அந்த வைத்தியசாலையின் கஷ்டத்தை உள்ளேயிருந்து அறிந்தவர். சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் எல்லோரும் கொடுத்தார்கள். நானும் ஆயிரம் ரூபாய் கொடுத்தேன். யாரோ ஒருவருடைய நோய்க்காக என்று நினைத்துக் கொடுத்தேன்.

சத்திரசிகிச்சையில் நாக்கின் ஓரத்தை வெட்டி எடுத்தார்கள். பிறகு ஆறு வாரம் கதிர்ச் சிகிச்சை. கிழமைக்கு ஐந்து நாள், மொத்தம் 30 தடவை. முகத்தின் அச்சில் செய்த ஒரு வலை மூடியைப் போட்டு, தலை அசையாமல் மேசையோடு பூட்டிவிடுவார்கள். கதிர் படும்போது ஒன்றும் தெரியாது. மூன்றாம் வாரம்தான் அது தன் வேலையைக் காட்டும். வாய் முழுக்கப் புண், உமிழ்நீர் வற்றிவிடும், கஞ்சியும் மணலும் ஒரே ருசி. கழுத்துத் தோல் கறுத்து உரியும்.

அண்ணனை நான் சந்தித்தது அந்த மூன்றாம் வாரத்தில். படுவான்கரைக்காரர். கொக்கட்டிச்சோலைக்கு அப்பால் ஒரு கிராமம், வயது ஐம்பத்திரண்டு, வேளாண்மைதான் தொழில். அவருக்குக் கன்னத்தின் உட்புறத்தில். அவருடைய குடும்பத்தை எண்ணிப் பெயரைத் தவிர்க்கிறேன். கதிர்ச் சிகிச்சை அறைக்கு வெளியே வாங்கில் வரிசையாக இருப்போம். பெயர் கூப்பிடுவது சிங்களத்தில். அவருக்குச் சிங்களம் அறவே தெரியாது. தன் பெயரைச் சிங்கள உச்சரிப்பில் கூப்பிட்டதால் விளங்காமல், ஒரு நாள் பகல் முழுவதும் அங்கேயே இருந்திருக்கிறார். எனக்கு ஓரளவு தெரியும். அட்டாளைச்சேனை ஆசிரியர் கலாசாலையில் படித்த காலத்தில் கற்ற கொஞ்சமும், பிறகு பரீட்சைக்காகப் படித்ததும். மறுநாள் முதல் அவருடைய காதாக நான் இருந்தேன். 'கட அரின்ன' என்றால் வாயைத் திற, 'ரிதெனவா' என்றால் நோகுது, 'அபி லெட்டு' என்றால் நாங்கள் நோயாளிகள். இந்த மூன்றையும் ஒரு கொப்பியில் தமிழ் எழுத்தில் எழுதிக் கொடுத்தேன். என் மாணவர்களில் இத்தனை அக்கறையாகப் பாடமாக்கியவர் வேறில்லை.

பதிலுக்கு அவர் எனக்குத் தந்தது குச்சி.

கதிர் பட்ட பிறகு தாடைத் தசை இறுகும். வாய் மெல்ல மெல்லப் பூட்டிக்கொள்ளும். பயிற்சியை விட்டால் பிறகு கரண்டியும் உள்ளே போகாது. டொக்டர் சொன்னதுதான், தாளிலும் எழுதித் தந்ததுதான். ஆனால் எப்படிச் செய்வது என்பதை அண்ணன்தான் காட்டினார். ஐஸ்பழக் குச்சிகளைக் கழுவிக் காயவைத்து ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி முன்பற்களுக்கிடையே வைக்க வேண்டும். எத்தனை கொள்கிறதோ அதுதான் அன்றைய கணக்கு. பிறகு நடுவில் மெதுவாக ஒன்றைச் செருக வேண்டும். கண்ணீர் வரும். அரை நிமிடம் பிடிக்க வேண்டும். அவருக்கு அதைக் காட்டியவர் குருநாகலைச் சேர்ந்த ஒரு லொறிச் சாரதியாம். இருவருக்கும் பொதுவான பாஷை இல்லை, சைகையிலேயே காட்டிக் கொடுத்திருக்கிறார். என்னுடைய முதல் கணக்கு ஒன்பது.

ஊருக்கு வந்தபோது நலம் விசாரிக்க வான் வானாக ஆட்கள் வந்தார்கள். நோயாளியைப் போய்ப் பார்ப்பது ஒரு முஸ்லிம் மற்றொரு முஸ்லிமுக்குச் செய்ய வேண்டிய கடமை. அதை எங்களூரார் குறைவைக்காமல் செய்வார்கள். அப்பிளும் ஹோர்லிக்ஸும் கொண்டுவந்தார்கள். என்னால் இரண்டையும் விழுங்க முடியாது. கருஞ்சீரகம் சொன்னார்கள், அனோதா இலை சொன்னார்கள். ஒரு பெரியவர் இதே வருத்தம் வந்து மௌத்தான மூன்று பேரின் கதையை விரிவாகச் சொல்லிவிட்டு, "நீங்க ஒண்டுக்கும் பயப்படாதீங்க" என்று துஆச் செய்துவிட்டுப் போனார். குறை சொல்லவில்லை. அவர்களுடைய அன்பு உண்மையானது. ஆனாலும் எல்லோரும் எழுந்து போன பின் ஒரு களைப்பு வரும். அவர்களைத் தேற்றி அனுப்பிய களைப்பு அது. மாலையில் அண்ணன் போன் எடுப்பார். ஸலாமும் இல்லை, வணக்கமும் இல்லை.

"எத்தின, மாஸ்டர்?"

"பத்து. உங்களுக்கு?"

"பதிமூணு. மறுகா எடுக்கன்."

அவ்வளவுதான். எனக்கு அதில் கிடைத்த ஆறுதலை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. பத்து என்றால் எவ்வளவு வலி என்பது அந்த முனையில் இருப்பவருக்குத் தெரியும். விளக்க வேண்டியதில்லை.

2019 தை மாதம் பாடசாலைக்குத் திரும்பினேன். வெட்டிய நாக்குக்கு 'ழ' வரவில்லை. எங்களூரில் அந்த எழுத்தை ஒழுங்காகச் சொல்கிறவர் எப்போதுமே குறைவு என்பதால் பிள்ளைகள் பெரிதாகக் கவனிக்கவில்லை.

பிறகு ஏப்ரல் 21 வந்தது. மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தது. ஞாயிறு பாடசாலைக்கு வந்த பிள்ளைகளும் மாண்டார்கள். நாடெங்கும் நடந்த அந்தக் கொலைகளுக்குத் தலைமை தாங்கியவன் காத்தான்குடியில் பிறந்தவன், எங்களூரிலிருந்து கூப்பிடு தூரம். அந்த நாட்களைப் பற்றி நம்மவர்கள் நிறைய எழுதிவிட்டார்கள். நான் ஒன்றை மட்டும் சொல்கிறேன். நான் அண்ணனுக்குப் போன் எடுக்கவில்லை. எடுத்து என்ன சொல்வது? 1990க்குப் பிறகு எங்கள் வாப்பா வாவியின் அந்தக் கரைக்குப் போகவேயில்லை. வயலை அங்கேயே விட்டுவிட்டு மௌத்தானவர். இரண்டு கரைக்கும் நடுவில் என்ன கிடக்கிறது என்பது இருவருக்கும் தெரியும். வாட்டில் அதைப் பற்றி நாங்கள் ஒரு சொல்லும் பேசியதில்லை. குச்சியையும் கொப்பியோடு சேர்த்து மூலையில் போட்டுவிட்டேன். படையினர் வீடு வீடாகத் தேடிக்கொண்டிருந்தார்கள். நான்காம் நாள் மாலை போன் அடித்தது.

"எத்தின, மாஸ்டர்?"

செய்யவில்லை என்றேன்.

"இப்ப வைச்சுப் பாருங்க. நான் லைன்ல இரிக்கன்."

வைத்துப் பார்த்தேன். பதினொன்று. "போன கிழம பதினாலு எண்டீங்களே," என்றார். கொஞ்ச நேரம் இரண்டு பக்கமும் சத்தமில்லை. அவருடைய மனைவியின் சொந்தக்காரர் ஒருவர் அந்தத் தேவாலயத்தில் காயப்பட்டு வைத்தியசாலையில் கிடந்தார் என்பது எனக்குப் பின்னர்தான் தெரிய வந்தது. அன்று அதை அவர் சொல்லவில்லை. "அடுத்த மாசம் கிளினிக். நீங்க தனியப் போக வேணாம். ஒண்டாப் போவம்," என்றார்.

நோன்பு மாதத்தில் போனோம். வழியெங்கும் சோதனைச் சாவடி, ஒவ்வொன்றிலும் பஸ்ஸை விட்டு இறங்க வேண்டும். ஓரிடத்தில் சிப்பாய் ஒருவர் என் அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தாடி, தொப்பி ஒன்றும் என்னிடம் இல்லை. கதிர் பட்ட கன்னத்தில் தாடி முளைப்பதுமில்லை. பெயர் போதுமாக இருந்தது. எனக்குச் சிங்களம் தெரியும், ஆனால் அந்த இடத்தில் வாயே வரவில்லை. பின்னால் நின்ற அண்ணன் முன்னுக்கு வந்து, கிளினிக் கொப்பிகள் இரண்டையும் சேர்த்து நீட்டி, "அபி லெட்டு, மாத்தயா" என்றார். அபி என்றால் நாங்கள். நான் கற்றுக்கொடுத்த சொல். சிப்பாய் எங்கள் இருவரின் கழுத்தையும் பார்த்தார். ஒரே கறுப்பு. போகச் சொன்னார்.

இந்தக் கதையை இங்கே நிறுத்தினால் எனக்கு நல்லது. நடந்ததை முழுக்க எழுதத்தான் உட்கார்ந்தேன்.

2019 ஐப்பசியில் அண்ணனுக்கு நோய் திரும்பியது. இவ்வகை நோய் திரும்புவதானால் பெரும்பாலும் முதல் இரண்டு வருடத்துக்குள் திரும்பும். மறுபடியும் வெட்ட இடமில்லை என்றார்களாம். மண்முனைப் பாலம் 2014இல் திறக்கப்பட்ட பிறகு படகுக்குக் காத்திருக்கும் வேலை இல்லை. எங்களூரிலிருந்து மோட்டார் சைக்கிளில் அவர் வீட்டுக்குப் போகக் கனநேரம் எடுக்காது. மூன்று தடவைதான் போனேன். மூன்று தடவையும் புதுக் குச்சிகள் கொண்டு போனேன். மூன்றாம் தடவை அவரால் நான்குக்குமேல் முடியவில்லை. நான் வகுப்பில் பேசுவது போல உற்சாகமாகப் பேசினேன். "நாளைக்கு அஞ்சு வரும் பாருங்க. எல்லாம் சரியாகிடும்."

அவர் குச்சிகளை எடுத்துப் பாயில் வைத்துவிட்டுச் சொன்னார்: "மாஸ்டர், இத விடுங்க. கொஞ்சம் கதைப்பமே."

என்ன கதைக்க நினைத்தார் என்று எனக்குத் தெரியும். கடைசி மகளுடைய படிப்பு, வட்டிக்கு வைத்த வயல், எல்லாவற்றுக்கும் மேலாகச் சாவு. எனக்கும் அதே நோய். அவர் வாயிலிருந்து அதைக் கேட்கும் தைரியம் எனக்கில்லை. "நீங்க அதையெல்லாம் யோசிக்காதீங்கண்ணே" என்று சொல்லி, மழையைப் பற்றியும் அந்தப் போக வேளாண்மையைப் பற்றியும் பேச்சை மாற்றினேன். அவர் சிரித்தார் என்றுதான் நினைக்கிறேன். அந்த வாயால் சிரிப்பது தெரியாது. 2020 தை மாதம், பொங்கலுக்குப் பின் அவர் இறந்துபோனார்.

பின்னர் டொக்டர் நண்பர் ஒருவர் சொல்லி, இந்த விடயத்தைப் பற்றிக் கொஞ்சம் தேடி வாசித்தேன். மார்பகப் புற்றுநோயில் இருந்து மீண்ட பெண்களே புதிய நோயாளிகளைப் போய்ப் பார்க்கும் முறையை டெரீஸ் லாசர் என்ற பெண்மணி அமெரிக்காவில் 1952இல் தொடக்கியிருக்கிறார். 1989இல் டேவிட் ஸ்பீகல் என்ற மருத்துவர், நோய் உடலெங்கும் பரவிவிட்ட 86 பெண்களை வைத்து நடத்திய ஆய்வை வெளியிட்டார். வாரந்தோறும் குழுவாகக் கூடிப் பேசியவர்கள் மற்றவர்களைவிடச் சராசரியாக ஒன்றரை வருடம் கூடுதலாக வாழ்ந்தார்கள் என்றார். உலகமே வியந்தது. 2001இல் கனடாவில் 235 பெண்களிடம் செய்த பெரிய ஆய்வில் ஆயுள் கூடவில்லை. ஆனால் வலியும் மனவேதனையும் குறைந்திருந்தன. நான் அந்தக் கணக்குகளைவிட வேறொன்றில்தான் நின்றுவிட்டேன். அந்தக் குழுக்களில் அவர்கள் எதைப் பேசினார்கள் என்று எழுதியிருந்தது. சாவைப் பேசியிருக்கிறார்கள். தங்களில் ஒருத்தி இறந்தால் அவளைப் பற்றிக் கூடிப் பேசியிருக்கிறார்கள். ஸ்பீகல் அதைத் தடுக்கவில்லை, அதற்கு இடம் கொடுத்திருக்கிறார். அந்தப் பக்கத்தை வாசித்துவிட்டுக் கனநேரம் வாசலில் இருந்தேன்.

இப்போது எங்கள் பகுதியில் யாருக்காவது வாயில் அந்த வருத்தம் என்றால் என்னிடம் அனுப்புகிறார்கள். இரண்டு கரையிலிருந்தும் வருகிறார்கள். குச்சி காட்டுகிறேன், சோடா உப்புத் தண்ணீரில் வாய் கொப்பளிக்கும் விதம் சொல்கிறேன், கிளினிக் கொப்பியிலுள்ள சிங்களத்தை வாசித்துக் கொடுக்கிறேன். போன நோன்புப் பெருநாளுக்கு மறுநாள் ஓர் இளைஞர் வந்தார். ஓட்டோ ஓடுகிறவர், முப்பது வயதுக்குள். கூட வந்த தகப்பன் எனக்குக் கண் காட்டினார். மகனுக்கு முழுதும் சொல்லவில்லை, நீங்களும் சொல்ல வேண்டாம் என்று பொருள். குச்சியைக் கையில் வைத்துக்கொண்டு அந்தப் பொடியன் கேட்டான்:

"சேர், எனக்கு என்ன நடக்கும்?"

'எல்லாம் சரியாகிடும்' என்பது நாக்கின் நுனிவரை வந்துவிட்டது. தகப்பனைப் பார்த்து, "காக்கா, நீங்க உள்ள போய் ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டு வாங்க," என்றேன். அவர் தயங்கித் தயங்கி எழுந்து போனார். கதிரையை இழுத்துப் பொடியனுக்குக் கிட்டப் போட்டேன்.

"டொக்டர் உங்களிட்ட என்ன சொன்னார்? நீங்க என்ன நினைக்கிறீங்க? அதச் சொல்லுங்க மகன். நான் கேட்டுக்கிட்டிருக்கன்."

மஃரிபுக்குப் பாங்கு சொல்லும்வரை அவன்தான் கதைத்தான்.