தாய்வழி வாசல்

பெற்றோரை இழந்த பிள்ளையை ஏற்றுக்கொள்வோர் உலகில் முற்றாக இல்லாமற் போவதில்லை. ஆயினும், மடியிலே கிடக்கும் மகவுக்குக் கைகள் பல நீளும். மீசை அரும்பும் பையனுக்கும் பருவமெய்தும் பெண்ணுக்கும் அவ்வாறு நீள்வதில்லை. கல்முனைக் கரை இவ்வுண்மையைத் தன் பெருந்துயரின் நடுவே கண்டறிந்தது.

2004 டிசெம்பர் 26 ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை, பொங்கியெழுந்த ஆழிப்பேரலை இலங்கையில் முப்பதினாயிரத்துக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது. அவருட் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் அம்பாறை மாவட்டத்தவர். அந்நாளிற் கல்முனை வைத்தியசாலையில் 81 ஆவதாகச் சேர்க்கப்பட்ட கைக்குழந்தையைக் 'குழந்தை 81' என்று உலகமே அழைத்தது. ஒன்பது தம்பதியர் அதற்கு உரிமை கோரியதாகச் செய்தி ஏடுகள் எழுதின. 2005 பெப்ரவரியில், மரபணுப் பரிசோதனையின் பின்னர், அது தன் பெற்றோரிடம் சேர்ந்தது. அதே வாரங்களிற் பாடசாலை மண்டபங்களில் அமைந்த முகாம்களிலே பன்னிரண்டு, பதினைந்து வயதுப் பிள்ளைகளும் இருந்தனர். அவர்களைத் தேடி எந்தப் படப்பிடிப்பாளரும் வரவில்லை, வந்தவர் மூத்தம்மாமாரே.

அத்தகைய மூத்தம்மா ஒருவர் மருதமுனையில் இருந்தார். கைத்தறியில் முதுகு வளைந்த, அறுபதைக் கடந்த கைம்பெண். கடலோரத்து வீட்டிலே வாழ்ந்த மூத்த மகளும் மருமகனும் ஒருங்கே மாண்டனர். எஞ்சியோர் பதின்மூன்று வயதுப் பேத்தியும் பதினைந்து வயதுப் பேரனும். தந்தைவழி உறவினர் வந்து, பையனை மட்டும் கொண்டுசெல்வதாகக் கூறினர். கடையிலே துணையாக இருப்பான் என்பது அவர் எண்ணம். "கொண்டு போறண்டா ரெண்டு பேரையும் கொண்டு போங்க, இல்லாட்டி ரெண்டும் எனக்கிட்டயே இருக்கட்டும்" என்றார் அவர். வந்தவர் திரும்பிச் சென்றனர்.

வளர்ப்புக் குடும்பங்களை ஒழுங்குபடுத்த அரசு 2005 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கச் சுனாமி (விசேட ஏற்பாடுகள்) சட்டத்தை இயற்றியது. பதினெட்டு வயதுக்குட்பட்ட சிறுவரோடு, இருபத்தொரு வயது வரையான இளையோரையும் அது கருத்திற் கொண்டது. தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையும் நன்னடத்தை, சிறுவர் பராமரிப்புத் திணைக்களமும் பொறுப்பேற்றன. நாடெங்கும் அநாதரவான பிள்ளைகளுட் பெரும்பாலார் உறவினர் இல்லங்களிலேயே தங்கினர். ஆகவே, குடும்பங்களைத் தேடுவதிலும் பார்க்க, ஏற்கெனவே ஏற்றுக்கொண்ட குடும்பங்களைத் தாங்குவதே பெரும் பணியாயிற்று.

அப்பணியின் அருமையை உணர அக்கரையின் வாழ்முறையை அறிதல் வேண்டும். கிழக்கிலங்கை முஸ்லிம்களிடையே குடி என்பது தாய்வழி வருவது. மணமகன் மனைவியின் இல்லத்துக்குச் செல்வான். வீடு மகளுக்குச் சீதனமாகும். தாயை இழந்த பிள்ளைக்குத் தாயின் தாயும் சாச்சியும் அடுத்த வீட்டிலேயே இருத்தல் இம்முறையின் பெருங்கொடையாகும். எனினும், அதுவே ஓர் இடர்ப்பாட்டையும் உடன் கொணர்கின்றது. பருவமெய்திய பெண்ணுக்குச் சாச்சியின் கணவர் மார்க்க முறைப்படி அந்நியரே. அநாதையைப் பராமரிப்பதைப் பெரும் நன்மையாகப் போற்றும் இஸ்லாம், வளர்ப்புப் பிள்ளையைப் பெற்ற பிள்ளையாகப் பெயர் மாற்றுவதை ஏற்பதில்லை. வமிசம் வமிசமாகவே நிற்கும். ஆதலால் அம்மூதாட்டி வளவின் ஒரு மூலையிலே ஓலைக் குடிலொன்று அமைத்துப் பேத்தியோடு அங்கேயே உறங்கினார்.

முதலாம் ஆண்டில் உதவி குவிந்தது. நிறுவனங்களின் வாகனங்கள் வந்தன; புத்தகப் பைகளும் பாய்களும் வந்தன. மூன்றாம் ஆண்டிலே பையன் பாடசாலையை வெறுத்தான். வீட்டாரோடு பேசுவதை நிறுத்தினான். கடலைப் பார்த்தபடியே மாலைகளைக் கழித்தான். துயரம் தன் உண்மை வடிவிலே வெளிப்பட்ட அவ்வேளையில் வாகனங்கள் ஒன்றேனும் வரவில்லை. உதவியின் கால அளவு வேறு. இளம் உள்ளத்தின் கால அளவு வேறு. முடிவில், அண்டை வீட்டு நெசவாளர் ஒருவர் அவனைத் தறியிலே அமர்த்தி, பேச்சுக் கொடாமலே நூலிழைக்கப் பழக்கினார். மாதக் கணக்கின் பின்னர் அவன் வாய் திறந்தான்.

பேத்தியின் காரியம் இன்னும் கடினமானது. அக்கரையிலே வீடின்றிப் பெண்ணுக்கு மணம் கூடுவது அரிது. தாயின் வீடோ கடலோரத் தடைவலயத்தினுட் கிடந்தது. வடக்குக் கிழக்கில் முதலில் 200 மீற்றர் என அறிவிக்கப்பட்ட அவ்வலயம் பிற்பாடே குறைக்கப்பட்டது. புதிய வீடுகளோ பெரும்பாலும் 'குடும்பத் தலைவர்' என ஆணின் பெயருக்கே பதியப்பட்டமையால், பெண்வழிச் சொத்துக்கள் பல ஆண்வழியாயின. மூத்தம்மா இறப்பின் மகள் வயிற்றுப் பேத்திக்கு முதுசொமிலே பங்கு வாராது. எனவே கொடுப்பதாயின் உயிரோடிருக்கும்போதே கொடுத்தல் வேண்டும். ஆனால், அவ்வளவு முழுவதும் சாச்சியின் மூன்று பெண்மக்களுக்கென வாய்மொழியாகச் சொல்லப்பட்டிருந்தது.

அந்நாட்களில் மூத்தம்மா உறக்கமின்றித் தவித்தார். கேட்பதற்கு அவர் நா எழவில்லை. ஒரு மாலை சாச்சியே வந்து, "உம்மா, ராத்தாட புள்ளைக்கும் ஒரு வாசல் வேணும்தானே. பாதி வளவ அவவுக்கு எழுதுங்க" என்றார். நன்கொடை உறுதி எழுதப்பட்டது. தம் பெண்மக்களுக்குரிய நிலத்திற் பாதியை விட்டுக்கொடுத்த அச்சாச்சியின் பெயர் எந்த அரசாங்கப் பதிவேட்டிலும் பராமரிப்பாளராக எழுதப்படவில்லை.

இக்கதை முதியவளொருத்தியின் பெருமையைப் பேசுவதோடு முடிந்துவிடலாகாது. இளையோரை ஏற்கும் குடும்பங்களைத் தேடுவோர், ஒவ்வொரு குடியையும் அறிந்த பள்ளிவாசல் மரைக்காயர்மாரிடமும், அவர்களினும் நன்கறிந்த பெண்களிடமும் முதலிற் சென்று கேட்டல் வேண்டும். கேட்டபின் நீங்கிவிடாது, பணம், கல்வி, ஆறுதல், நிலவுரிமை என்பவற்றிற் பிள்ளை தனித்து நிற்கும் வரை துணைநிற்றல் வேண்டும். இன்று அப்பேத்தி தன் வாசலிலே கணவனோடும் குழந்தையோடும் வாழ்கின்றாள். மூத்தம்மா அவ்வாசலைக் கண்டே கண்மூடினார். அதனைக் காணாமலே கண்மூடிய மூத்தம்மாமாரும் அக்கரையில் உளர். அவர்தம் பேத்தியரை நினைத்தலே கற்றோர் கடனாம்.