விடையைக் கையால் மூடுங்கள்

பூரணை இரவில் கல்லடிப் பாலத்தருகே தோணியை நிறுத்தித் துடுப்பின் ஒரு நுனியை நீரில் அமிழ்த்தி, மறு நுனியைக் காதோடு பொருத்திக் கேட்டால் மட்டக்களப்பு வாவியின் இசை கேட்கும் என்பர். விபுலாநந்த அடிகள் அதனை நீரரமகளிரின் பாடலாகவே கண்டு பாடிவைத்தார். 1950களில் லாங் அடிகளார் என்னும் யேசுசபைத் துறவியார் அவ்வொலியைப் பதிவும் செய்தார்.

உயர்தர விஞ்ஞான வகுப்பிற்குப் புதிதாய் வரும் மாணவரிடம் ஆண்டுதோறும் நான் கேட்கும் முதல் வினா இவ்வொலியைப் பற்றியதே. "வாவியில் ஒலி எழுகிறது என்பதற்குச் சான்று யாது?" என்பேன். "மீன், சேர்!" என்று வகுப்பு முழுவதும் குரல் எழும். "மீன் அல்ல, ஊரி" என்று இரண்டொருவர் மறுப்பர். பின்பு அவர்களுக்குள்ளேயே வாதம் மூண்டுவிடும். நான் கேட்டது எது பாடுகிறது என்பதையன்று. ஒலி உண்டு என்பதற்குச் சான்றை. துடுப்பைச் சொல்லியிருக்கலாம், பதிவைச் சொல்லியிருக்கலாம். தாம் அறிந்த விடை ஒன்று நாவில் ஆயத்தமாய் இருந்தமையால் வினா அவர்தம் செவியில் விழவேயில்லை.

இதனைப் பரிகசிக்கும் உரிமை எனக்கில்லை. நான் உயர்தரம் எழுதிய 1998ஆம் ஆண்டில் தாவரவியல், விலங்கியல், இரசாயனம், பௌதிகம் என நான்கு பாடங்கள். மண்ணெண்ணெய் விளக்கடியில், வெளியே வெடியோசை கேட்கும் இரவுகளிலும், கடந்தகால வினாத்தாள்களை மனனஞ் செய்தேன். விலங்கியல் தாளில் சிறுநீரகத்தி எவ்வாறு தொழிற்படுகிறது என்று கேட்டிருந்தார்கள். சிறுநீரகத்தி என்ற சொல்லைக் கண்டதும் உவகை பொங்க, அதன் கட்டமைப்பை மூன்று பக்கம் படத்துடன் வரைந்து தள்ளினேன். மண்டபத்தை விட்டு வெளியேறி வேப்பமர நிழலுக்கு வந்த பின்னரே பிழை உறைத்தது. மருத்துவ பீடம் கிட்டவில்லை. விஞ்ஞானப் பட்டதாரியாகி, ஆசிரியனானேன். அதில் எனக்குக் குறையில்லை; எனினும் அம்மூன்று பக்கங்களை இன்றும் மறந்தேனில்லை.

ஆகவே பல்தேர்வு வினாவிற்கு நான் கற்பிக்கும் முதற் பாடம், கீழேயுள்ள ஐந்து விடைகளையும் உள்ளங்கையால் மூடிக்கொள்ளுதல். அண்மையில் வகுப்பில் கொடுத்த வினா ஒன்றையே எடுத்துக்கொள்வோம். டெங்குக் காய்ச்சல் கண்ட சிறுவன் ஒருவனுக்கு ஐந்தாம் நாள் காய்ச்சல் தணிந்துள்ளது. வாந்தியில்லை, நீர் நன்றாக அருந்துகிறான். குருதிச் சிறுதட்டுக்கள் குறைந்துள்ளன. குருதியில் செங்குழியங்கள் அடைக்கும் கனவளவு நூற்றுக்கு 36 இலிருந்து 46 ஆக உயர்ந்துள்ளது. இவ்வுயர்வுக்குக் காரணம் யாது?

பெரும்பாலோர் குருதிப்பெருக்கு என்ற விடையையே தெரிந்தனர். சிறுதட்டு குறைந்தால் குருதி கசியும் என்று படித்திருக்கிறார்களல்லவா? ஆனால், வினா சிறுதட்டைப் பற்றியதன்று. "எது உயர்ந்தது, ஏன் உயர்ந்தது என்பதை உங்கள் சொற்களில் சொல்லுங்கள்" என்றேன். உயர்ந்தது எண்ணிக்கையன்று, விகிதம். விகிதம் உயர வேண்டுமாயின் செங்குழியம் கூடியிருக்க வேண்டும், அன்றேல் அது மிதக்கும் திரவம் குறைந்திருக்க வேண்டும். கஞ்சியில் நீர் வற்றினால் சோறு கூடியதுபோல் தோன்றுவதில்லையா? புதிய செங்குழியங்கள் இரண்டொரு நாளில் இவ்வளவு பெருகமாட்டா. குருதி வெளியேறினால் குழியமும் திரவமும் சேர்ந்தே போகும்; விகிதம் ஏறாது, பின்னர் இறங்கவுஞ் செய்யும். உடலில் நீர் வறண்டதோ எனின், வாந்தியில்லை, அவன் நீர் அருந்துகிறான் என்று வினாவே சொல்லிவிட்டது. எஞ்சுவது ஒன்றே: மயிர்த்துளைக் குழாய்களின் சுவர் வழியே குருதித் திரவவிழையம் கசிந்து வெளியேறுகிறது. இவ்வளவும் ஒரு வாக்கியமாக மனத்தில் அமைந்த பின்னரே கையை எடுக்க வேண்டும். நம் விடை அங்கே இல்லையாயின், இருப்பவற்றுள் ஒன்றை வலிந்து பொருத்தாமல் மீண்டும் வினாவிடம் போக வேண்டும். "பொருந்தாதது எது" என்று கேட்டிருக்க, பொருந்துவதைத் தேடியிருப்போம்.

"இரண்டு மணி நேரத்தில் ஐம்பது வினா, சேர், கையை மூடவும் எடுக்கவும் நேரமேது?" என்று ஒரு மாணவன் கேட்டான். நியாயமான கேள்விதான். ஒரு வினாவிற்கு 2 நிமிடம் 24 வினாடி வருகிறது. எளியவற்றை விரைந்து முடித்து, மயங்கச் செய்பவற்றுக்கு அந்நேரத்தைச் சேமிக்க வேண்டும். ரியூசன் வகுப்புகளில் விற்கும் "நிச்சய வினா"த் தாள்களுக்குச் செலவிடும் நேரத்தோடு ஒப்பிட்டால் இது பெரிதன்று.

குருதிப்பெருக்கென்று பிழையாய் எழுதியோருள் வாவியில் வலைவீசும் ஒருவரின் மகளும் இருந்தாள். மூன்றாம் முறை எழுதுபவள். இதற்குப் பின் வாய்ப்பில்லை. கடந்த மாரியில் அவளுடைய தம்பிக்குக் காய்ச்சல் வந்து ஐந்தாம் நாள் விட்டது. வீட்டார் மகிழ்ந்து, "இனி இரத்தச் சோதனை எதற்கு?" என்றிருக்கிறார்கள். அவளோ, "காய்ச்சல் விட்டது சரி, உள்ளே என்ன நடக்கிறது என்று இன்னும் பார்க்கவில்லையே" என்று பிடிவாதமாய் அழைத்துச் சென்றாள். முன்பு 35 ஆக இருந்தது 42 ஆகியிருந்தது. ஐந்திலொரு பங்கு உயர்வு! அக்கணமே வைத்தியசாலையில் சேர்த்து, சேலைன் அளவு பார்த்து ஏற்றி, மணிக்கொரு முறை கவனித்தார்கள். காய்ச்சல் தணியும் அந்த ஓரிரு நாட்களே டெங்கில் மிக ஆபத்தானவை. நான்காம் நாள் பையன் நடந்தே வீடு திரும்பினான்.

சென்ற கிழமை அவள் தந்தையார் இறாலோடு என் வீட்டுப் படலையில் வந்து நின்றார். "சேர், பிள்ளைக்கு இந்தமுறை மெடிக்கல் கிடைக்குமா?" என்றார். சோதனை முடிவும் வெளியாகவில்லை, வெட்டுப்புள்ளியும் தெரியாது. "தரவு போதாது, அண்ணன்" என்றேன் பழக்கதோஷத்தால். அவர் ஒன்றும் சொல்லாமல் இறாலைக் கொடுத்துவிட்டு, வலையிழுக்க நேரமாகிறது என்று போய்விட்டார்.