பாடாங் திடலுக்குப் போய் வாருங்கள்

சிங்கப்பூர் போனால் வீரமாகாளியம்மனைக் கும்பிட்டு, தேக்காவில் சேலை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிடுகிறோம். அடுத்த தடவை பாடாங் திடலுக்கும் நடந்து போங்கள். பெரிய தூண்களும் பச்சைக் குவிமாடமுமாக நிற்கிறதே, அதுதான் பழைய உச்ச நீதிமன்றம். 2015 முதல் அங்கே ஓவியக் காட்சிக்கூடம்.

1950-ல் 13 வயதுச் சிறுமி யாருடைய பிள்ளை என்ற வழக்கு அங்கேதான் நடந்தது. மரியா ஹெர்தோக் ஜாவாவில் பிறந்தவள். தகப்பன் டச்சுப் பட்டாளத்துக்காரர். ஜப்பான்காரன் காலத்தில் அவர் கைதியாகிவிட, பிள்ளை அமீனா என்ற அம்மையாரிடம் வந்து சேர்ந்தது. வளர்க்கவே கொடுத்தார்கள் என்றார் அமீனா. கொஞ்ச நாள் பார்த்துக்கொள்ளத்தான் என்றார் பெற்றவள். பிள்ளையோ நத்ரா என்ற பெயரில், மலாய் பேசி வளர்ந்துவிட்டாள். சயாம் ரயில் பாதைக்குப் போய்த் திரும்பாதவர்களின் பிள்ளைகளை நம் லயங்களில் பக்கத்து வீட்டார் எடுத்து வளர்க்கவில்லையா? யார் கையெழுத்து வாங்கினார்கள்?

ஆகஸ்டில் அவளை ஓர் இளம் ஆசிரியருக்கு மணம் முடித்தார்கள். இது எனக்கு ஒப்பவில்லை. 13 வயது கல்யாண வயதா? டிசம்பர் 2-ல் தீர்ப்பு வந்தது. தகப்பன் நாட்டுச் சட்டப்படி கல்யாணம் செல்லாது, பிள்ளை பெற்றோருக்கே. தாம்சன் ரோடு கன்னிமாடத்தில் அவளை வைத்தார்கள். அங்கே எடுத்த படங்கள் பத்திரிகைகளில் வந்ததும் முஸ்லிம் மக்கள் கொதித்துவிட்டார்கள். நத்ராவுக்காகப் போராடிய குழுவின் தலைவர் கரீம் கனி நம் தமிழ் முஸ்லிம்தான்.

டிசம்பர் 11-ல் இந்தத் திடலில் கூட்டம் வெடித்தது. பஸ்ஸையும் காரையும் மறித்து வெள்ளைக்காரர், யூரேசியர் என்று பார்த்து அடித்தார்கள். மூன்று நாளில் 18 பேர் செத்தார்கள், 173 பேருக்குக் காயம். என் தாய்மாமா அப்போது துறைமுகக் கிடங்கில் வேலை. உடன் இருந்த யூரேசியக் கிராணியை அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் உட்கார வைத்து, இரவெல்லாம் நாலு பேர் வாசலில் காவல் இருந்தார்களாம். "அந்த மனுசனுக்கும் வீட்டிலே ஒரு பொண்ணு இருந்துச்சுடா" என்பார் மாமா. வழக்கைப் பற்றிக் கேட்டால் அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசமாட்டார்.

கலவரம் அடங்குமுன்பே, 12-ம் தேதி, பிள்ளையை நெதர்லாந்துக்கு விமானம் ஏற்றிவிட்டார்கள்.

முடிந்தால் கெமாமானுக்கும் போய் வாருங்கள். குவாந்தானிலிருந்து வடக்கே கடலோரமாகப் போகவேண்டும். சுடச்சுடக் கெரோப்போக் லெக்கோர் கிடைக்கும். நத்ரா ஓடி விளையாடிய ஊர் அது. 1949-ல் ஒரு வெள்ளைக்கார அதிகாரி கண்ணில் அவள் பட்டதும் அந்த வட்டாரத்தில்தான். வளர்த்த அமீனா 1976-ல் கண்ணை மூடினார். மகள் 2009-ல், 72 வயதில், நெதர்லாந்தில் மரியாவாக இறந்தாள்.