லயம் லயமாக நடக்கும் பாட்டு

மாசி மாதமானாலும் இலங்கை மலையகத்தின் அக்கரப்பத்தனையில் வெயில் இறங்கியதும் பனி வந்து கூரைத் தகரத்தில் உட்கார்ந்துவிடுகிறது. லயத்தின் பின்பக்கம், கவ்வாத்து மலையிலிருந்து கட்டிவந்த தேயிலை மிலாறு எரிந்துகொண்டிருந்தது. அதன் முன்னால் குந்தியிருந்த ஐம்பது வயதுக்காரர் தப்பைத் தீயில் காட்டுவதும் விரலால் சுண்டிப் பார்ப்பதுமாக இருந்தார். ஈரக்காற்றில் தோல் தொய்ந்துவிடும். இங்கே அரை மணிக்கொரு தடவை காய்ச்சாமல் தப்பு பேசாது.

“இன்னும் சத்தம் வரல மாமா” என்றார், காலில் சலங்கை கட்டிக்கொண்டிருந்தவர். பகலில் அவருக்குத் தேயிலை ஸ்டோரில் வேலை. அந்த இரவில் அவர்தான் ரதி. மன்மதன், அடுத்த லயத்தில் முகத்துக்கு வர்ணம் பூசிக்கொண்டிருந்தார். அவர் கொழுந்து மடுவத்தில் தராசுக்குப் பக்கத்தில் நிற்பவர். இருவரும் சோடி சேர்ந்து பல மாசிகள் ஆகிவிட்டன. நான் பார்க்கப் போனது இந்தச் சோடியைத்தான்.

தலவாக்கலையிலிருந்து லிந்துலை வழியாக ஏறிவரும் பாதை அக்கரப்பத்தனையைத் தொட்டு டயகம பக்கம் போகிறது. பக்கத்தில் ஆக்ரா ஓயா ஓடுகிறது. கொத்மலை ஓயாவுக்குத் தண்ணீர் தரும் ஆறுகளில் அதுவும் ஒன்று. டொரிங்டன், வேவர்லி, பெல்மோரல், கிளாஸ்கோ என்று பிரித்தானிய ஊர்ப்பெயர்களும் ஆட்பெயர்களும் தோட்டங்களுக்கு ஒட்டிக்கொண்ட நிலம் இது. ரதியும் மன்மதனும் வரும் காமன் கூத்தோ தமிழ்நாட்டிலிருந்து கூலிகளாக வந்தவர்கள் தலைச்சுமையோடு கொண்டுவந்தது. மாசி அமாவாசைக்குப் பின் மூன்றாம் பிறையில் காமன் கம்பம் ஊன்றுகிறார்கள். காப்புக் கட்டியவர்கள் விரதம் இருக்கிறார்கள். பௌர்ணமியை ஒட்டி சிவன் நெற்றிக்கண்ணைத் திறக்க, மன்மதன் எரிகிறான். ரதியின் ஒப்பாரிக்குப் பிறகு அவன் உயிர் பெறுகிறான்.

தப்பு பார்க்கத்தான் எளிய கருவி. வளைத்த மரத்துண்டுகளைச் சேர்த்து வட்டச் சட்டம் செய்து, பதப்படுத்திய தோலைப் புளியங்கொட்டைப் பசையால் ஒட்டி இழுத்துக் கட்டுகிறார்கள். ஒரு கையில் தடித்த அடிக்குச்சி, மற்றதில் மெல்லிய சுண்டுக்குச்சி. சாவுக்கு ஓர் அடி, சாமிக்கு ஓர் அடி, கல்யாணத்துக்கு ஓர் அடி. காமனுக்கென்று தனி அடி உண்டு. அந்தக் காலத்தில் விடியற்காலையில் பெரட்டுக்களத்துக்கு ஆள் கூப்பிட்டதும் இதே தப்புதான். வேலைக்கு விரட்டிய கருவியே இரவில் ஆட்டத்துக்கும் அழைத்தது. ஆனாலும் அதை அடித்தவரைச் சாதி சொல்லி வாசலுக்கு வெளியே நிறுத்திய வழக்கமும் தப்போடு சேர்ந்தே கடல் தாண்டி வந்தது. இதனால் தப்பைத் தொட மறுத்த பிள்ளைகளும் உண்டு. இன்று பள்ளிக்கூட மேடையில் பெண்பிள்ளைகளும் அதைத் தோளில் மாட்டுகிறார்கள்.

சோடி எப்படிச் சேர்கிறது? கூத்தைப் பழக்கும் காமன் மாஸ்டர்தான் பொருத்தம் பார்க்கிறார். முதலில் உயரம், பிறகு மூச்சு. ஒருவர் பாட்டை விடும் இடத்தில் மற்றவர் இடைவெளி தெரியாமல் எடுக்க வேண்டும். எட்டுக் கால் வைத்துத் திரும்பும்போது கைக்குட்டையும் கையும் ஒரே பக்கம் போக வேண்டும். ரதி வேடம் கட்டுபவருக்கு மன்மதன் பாட்டும், மன்மதனுக்கு ரதி பாட்டும் மனப்பாடம். ஒருவருக்குத் தொண்டை கட்டினால் மற்றவர் தாங்கிக்கொள்வார். இந்தச் சோடிக்கு ஒலிவாங்கி கிடையாது, ஏட்டில் எழுதிவைத்த பாட்டும் கிடையாது. தப்புச் சத்தத்தை மீறித் தொண்டையைத்தான் திறக்க வேண்டும்.

அன்றிரவு அவர்கள் மேல்கணக்கில் தொடங்கிப் பணியக்கணக்கில் முடித்தார்கள். ஒவ்வொரு காம்பிரா வாசலிலும் காலில் தண்ணீர் ஊற்றி, தட்டில் காசும் தேங்காயும் வைத்தார்கள். சில வாசலில் சாயத்தண்ணி கிடைத்தது. ஒரு வீட்டில் கொழும்புக் கடைக்கு வேலைக்குப் போன மகன் கைப்பேசியில் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்காக ரதி திரைக்கு நேராக நின்று ஒரு சுற்றுக் கூடுதலாக ஆடினார்.

காமனை வைத்து இரண்டு தரப்பாகப் பாடுவது தஞ்சைப் பக்கத்திலும் உண்டு. மராட்டியர் ஆட்சியில் அங்கே வேர்விட்ட லாவணியில், மன்மதன் எரிந்தான் என்று ஒரு கட்சியும் எரியவில்லை என்று மறு கட்சியும் விடிய விடிய வாதாடும். மலையகத்துக்கு அரசியல் பாட்டைக் கொண்டுவந்த சோடியும் அந்தத் தஞ்சையோடு தொடர்புடையதுதான்.

அவர்கள் கோ. நடேசய்யரும் அவர் மனைவி மீனாட்சி அம்மையும்.

வெளியார் தோட்டத்துக்குள் காலடி வைத்தாலே அத்துமீறல் என்று வழக்குப் போட்ட காலம் அது. தஞ்சாவூரிலிருந்து வந்த நடேசய்யர், தொழிலாளர் நிலைமையை நேரில் பார்க்கத் துணி வியாபாரி வேடத்தில் லயங்களுக்குள் போனார். 1931இல் அட்டனை மையமாக வைத்து அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தைத் தொடங்கினார். 1936இல் அட்டன் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குப் போனார். அவருடைய ‘தேசபக்தன்’ பத்திரிகையில் மீனாட்சி அம்மைக்கும் பங்கு இருந்தது.

கூட்டங்களில் அய்யர் பேசுவார், அம்மை பாடுவார். எழுத்துக்கூட்டத் தெரியாத கூட்டத்துக்குச் சட்டத்தையும் சம்பளக் கணக்கையும் எப்படிக் கொண்டுசேர்ப்பது? பேச்சு அன்றிரவே மறந்துபோகலாம். பாட்டு மறுநாள் கொழுந்து மலைக்குப் போகும். பாரதி பாட்டு தோட்டங்களில் பரவியதிலும் மீனாட்சி அம்மையின் குரலுக்குப் பங்குண்டு. அதோடு நிற்காமல் அவர் தாமே பாட்டுக் கட்டினார்.

1939இல் இலங்கை அரசு தன் வேலைகளிலிருந்து நாட்கூலி இந்தியர்களை நீக்க முடிவெடுத்தது. பதிலுக்கு இந்தியா இலங்கைக்குத் தொழிலாளர் வருவதைத் தடுத்தது. 1940 ஜனவரியில் முல்லோயா தோட்டப் போராட்டத்தில் பொலிஸ் சூட்டுக்குக் கோவிந்தன் என்ற தொழிலாளி பலியானார். அதே 1940இல் மீனாட்சி அம்மையின் ‘இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை’ என்ற பாட்டுப் புத்தகம் வந்தது. ரதியாக ஆணே வேடம் கட்டிய மலையில், ஒரு பெண் வேடமில்லாமல், தன் பெயரிலேயே நின்று பாடியதை இங்கே கவனிக்க வேண்டும்.

நடேசய்யரை இன்றைய வாசகருக்கு மீட்டுத் தந்தவர் சாரல் நாடன். அவருடைய ‘தேசபக்தன் கோ. நடேசய்யர்’ 1988இல் வந்தது. 1947இல் தலவாக்கலைத் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினரான சி.வி. வேலுப்பிள்ளை, லயங்களின் வாய்மொழிப் பாடல்களைத் திரட்டி ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ என்று நூலாக்கினார். மாத்தளை வடிவேலன் கூத்துகளைப் பற்றி எழுதினார். இந்த மூவரும் இல்லாவிட்டால் நம்மிடம் இருப்பதில் பாதி இருக்காது.

ஆனால் பாட்டைப் பதிவு செய்வது ஒன்று, பாடுபவருக்குக் கூலி கொடுப்பது வேறு. ரதியும் மன்மதனும் அதிகாலை மூன்று மணிக்கு வேடம் கலைத்தார்கள். மன்மதன் அன்று வேலைக்குப் போகவில்லை. வேலைக்குப் போகாவிட்டால் பேர், அதாவது அன்றைய வரவு, விழாது; பேர் விழாவிட்டால் சம்பளம் இல்லை. 2021இல் நாட்சம்பளம் 1,000 ரூபாய் ஆவதற்கே தொழிலாளர்கள் பல வருடம் போராட வேண்டியிருந்தது. அப்படிப்பட்ட ஒரு நாளை விட்டுவிட்டுத்தான் அவர் ஆடினார். காமன் தட்டில் விழுந்த காசு கூத்துச் செலவுக்கும் பூசைக்கும் போய்விட்டது.

சொந்த லயத்தில் இதை அவர்கள் குறையாகச் சொல்வதில்லை. அது நேர்த்திக்கடன். வெளியூர் மேடையில்தான் சிக்கல். முன்பொரு விழாவுக்குக் கொழும்புக்குக் கூப்பிட்டார்கள். வேன் கூலி, தப்புக்காரர் மூன்று பேர், இரண்டு நாள் பேர் என்று கணக்குப் பார்த்தால் கையிலிருந்து போனதுதான் மிச்சம். “பொன்னாடையும் சான்றிதழும் குடுத்தாங்க. அந்தத் துணிய வீட்டுக்காரம்மா கதவுக்குத் திரையா போட்டிருக்கு” என்று சொல்லிச் சிரித்தார் ரதி. நான் போய்ப் பார்த்தேன். கதவில் தொங்கிக்கொண்டுதான் இருந்தது.

மலையகக் கலை என்று மேடை போடுபவர்கள் அழைப்பிதழ் அச்சடிக்கும் முன் மூன்று கணக்கை எழுதிக்கொள்ளட்டும்: ஆளுக்கு எத்தனை நாள் பேர் போகும், வேனுக்கு எவ்வளவு, தப்பு காய்ச்ச இடம் எங்கே. முதல் இரண்டையும் சோடி ஏறும் முன்பே கையில் கொடுத்துவிடுங்கள். பொன்னாடை பிறகு வரட்டும்.